மறதி நோய்க்குத் தாவரச் சேர்மங்கள்: எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது

அல்சைமர் நோயில் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் குறைந்துகொண்டே போகிறது. நினைவைப் பதியவைக்கும் நரம்பணுக்கள் தங்களுக்குள் செய்தி அனுப்ப அதுதான் வேண்டும். வேலை முடிந்ததும் அதைச் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது, பெயர் கோலினெஸ்டரேஸ். அந்த நொதியைத் தடுத்தால், மிச்சமிருக்கும் கொஞ்சம் அசிட்டைல்கோலின் சற்றுக் கூடுதல் நேரம் தங்கும். தாவரங்களிலிருந்து இந்த நோய்க்கு வந்த உருப்படியான மருந்துகள் முக்கியமாக இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. நோயை நிறுத்துகிற, போன நினைவைத் திரும்பக் கொண்டுவருகிற தாவரச் சேர்மம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

"செடியிலிருந்து வந்தது, என்ன செய்துவிடப் போகிறது" என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். மூளையில் வேலை செய்கிற பொருள் இதயத்திலும் வயிற்றிலும் வேலை செய்யும். ஒன்றுமே செய்யாத பொருளுக்குத்தான் பக்கவிளைவும் இருக்காது. ஆகவே எந்தச் சேர்மமானாலும் மருந்தைப் போலவே நடத்துங்கள்: ஒரு நேரத்தில் ஒன்று, அளந்து, எழுதிவைத்து, முடிவு தேதி குறித்து.

தொடங்குமுன்

மறதி எல்லாமே அல்சைமர் அல்ல. பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, தலையில் அடிபட்டுச் சில வாரம் கழித்து மூளையை அழுத்தும் இரத்தக்கட்டு ஆகிய எல்லாமே மறதியாக வெளிப்படும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். ரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் முடியாமல் மூலிகைக் கேப்ஸ்யூலில் மூன்று மாதத்தைக் கழித்தால், சரியாகியிருக்க வேண்டியது கைநழுவிப் போகலாம்.

அடுத்தது மருந்துப் பட்டியல். மருத்துவர் எழுதிக்கொடுத்தவை மட்டுமல்ல. சளிக்கு, அரிப்புக்கு, தூக்கத்துக்கு என்று தாமாக வாங்கிப் போடுபவையும் பட்டியலில் வர வேண்டும். அமிட்ரிப்டிலின், டைபென்ஹைட்ரமின், ஆக்சிபியூட்டினின், ட்ரைஹெக்சிபெனிடில் போன்றவை அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கின்றன. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது போலத்தான் இது. மிக அடிக்கடி நடக்கும் ஒரு தவறையும் இங்கே சொல்ல வேண்டும். மறதிக்குக் கொடுத்த மாத்திரையால் சிறுநீர் அடக்க முடியாமல் போகும். அதைப் புதிய நோய் என்று நினைத்து ஆக்சிபியூட்டினின் சேர்ப்பார்கள். அதனால் மறதி கூடும். மறதி மாத்திரையின் அளவை ஏற்றுவார்கள். மறதி மருந்து தொடங்கிய பிறகு புதிதாக எந்தத் தொல்லை வந்தாலும், அந்த மருந்தே காரணமா என்று முதலில் கேளுங்கள்.

மருந்தாகவே ஆகிவிட்ட இரண்டு

கேலன்டமைன் பனித்துளிப் பூச்செடியின் கிழங்கிலிருந்து வந்தது. 1950களில் சோவியத் ஒன்றியத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. பல்கேரியாவில் திமித்தர் பாஸ்கோவ் அதை நரம்பு, தசை நோய்களுக்கான மருந்தாக வளர்த்தார். அல்சைமருக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2001இல். நொதியைத் தடுப்பதோடு, நரம்பணுவில் அசிட்டைல்கோலினை வாங்கிக்கொள்ளும் நிகோட்டின் ஏற்பிகளையும் இது கூர்மையாக்குகிறது.

கொடுக்கும் முறை இது. காலை உணவோடு 4 மில்லிகிராம், இரவு உணவோடு 4 மில்லிகிராம். குறைந்தது 4 வாரம் இதே அளவு. தாங்கினால் 8 மில்லிகிராம் இரண்டு வேளை. இன்னும் 4 வாரம் கழித்துத் தேவையென்றால் 12 மில்லிகிராம் இரண்டு வேளை. ஈரல் அல்லது சிறுநீரகம் நடுத்தர அளவில் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு நாளுக்கு 16 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மிகவும் கெட்டிருந்தால் இந்த மருந்தே கூடாது. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டல் நிச்சயம் போலத்தான். அளவை அவசரப்பட்டு ஏற்றுவதால்தான் பலர் முதல் மாதத்திலேயே கைவிடுகிறார்கள் என்பது எங்கள் கணிப்பு. போதிய தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள். வாந்தி, பேதியோடு நீரிழப்பும் சேர்ந்தால் மயங்கி விழுவார்.

மூன்று நாளுக்கு மேல் மருந்து விட்டுப்போயிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். மருத்துவரிடம் சொல்லி, மீண்டும் 4 மில்லிகிராமிலிருந்து ஏற வேண்டும். உடல் அந்த அளவுக்குப் பழகியது அதற்குள் போய்விடும். பயணத்தின்போதும், வேறு நோய்க்காக மருத்துவமனையில் இருந்து திரும்பும்போதும் இந்தத் தவறு நேர்கிறது.

பலன் எவ்வளவு? நினைவையும் சிந்தனையையும் அளக்கும், 70 புள்ளி கொண்ட அடாஸ்-காக் தேர்வில், ஆறு மாதத்தில், போலி மாத்திரை (மருந்தே இல்லாத, ஒப்பிடுவதற்கான மாத்திரை) எடுத்தவரைவிட ஏறத்தாழ 3 புள்ளி மேம்பாடு. சிலருக்கு இது பேச்சில், ஈடுபாட்டில் தெரியும். சிலருக்குத் தெரியவே தெரியாது. இன்னும் நோயாகாத லேசான மறதிக்கு இதைக் கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகளில் பலன் இல்லை. கேலன்டமைன் பிரிவில் இறப்பு கூடுதலாக இருந்தது. "முன்கூட்டியே எடுத்துக்கொண்டால் நல்லதுதானே" என்பவருக்கு இதுவே பதில்.

இரண்டாவது ரிவாஸ்டிக்மைன். மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரை விதையில் பைசோஸ்டிக்மைன் என்ற நஞ்சு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரை அந்த விதையைத் தின்னவைத்து நீதி பார்த்த காலம் ஒன்று இருந்தது. அந்த நஞ்சின் அமைப்பை முன்மாதிரியாக வைத்து ஆய்வகத்தில் உருவாக்கியதுதான் ரிவாஸ்டிக்மைன். தோலில் ஒட்டும் பேட்சாகக் கொடுத்தால் வாந்தி குறையும். 24 மணி நேரத்துக்கு 4.6 மில்லிகிராம் விடும் பேட்சில் தொடங்கி, 4 வாரம் கழித்து 9.5க்கு ஏறலாம்.

ஒட்டும்போது: முதுகு, மேற்கை, மார்பு ஆகியவற்றில் ரோமம் இல்லாத, காய்ந்த, காயமற்ற தோல். களிம்பு, எண்ணெய், பவுடர் கூடாது. 30 வினாடி உள்ளங்கையால் அழுத்துங்கள். அதே இடத்தில் 14 நாளுக்கு மறுபடி ஒட்டாதீர்கள். மறதி உள்ளவர் தாமே பிய்த்துவிடாமலிருக்க முதுகின் மேற்பகுதி வசதி. மிக ஆபத்தான தவறு, பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டுவது. இரண்டு மூன்று பேட்ச் சேர்ந்து நஞ்சாகி உயிரே போயிருக்கிறது. "எடு, எழுது, ஒட்டு" என்ற வரிசையை மாற்றாதீர்கள். பேட்சின் மேல் தேதியை எழுதிவிட்டு ஒட்டினால் யார் பார்த்தாலும் தெரியும்.

ஹூபர்சைன் ஏ

ஹூபர்சியா செர்ராட்டா என்ற பாசி போன்ற சிறு செடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இது இருக்கிறது. இதுவும் கோலினெஸ்டரேஸ் தடுப்பான்தான், அதுவும் வலுவானது. ஆனால் பல நாடுகளில் மருத்துவர் சீட்டு இல்லாமலே ஊட்டத் துணைப்பொருளாக விற்கிறார்கள், சிக்கல் அங்கேதான். அமெரிக்காவில் 210 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் 200 மைக்ரோகிராம் இரண்டு வேளை கொடுத்து 16 வாரம் பார்த்ததில் பலன் தெரியவில்லை. 400 மைக்ரோகிராம் பிரிவில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் சோதனையின் முதன்மைக் கேள்வி அதுவல்ல என்பதால் அதை ஆதாரமாகப் பிடித்துக்கொள்ள முடியாது.

இரண்டு எச்சரிக்கை. டொனெபெசில் (இதே நொதியைத் தடுக்கும் செயற்கை மருந்து), கேலன்டமைன், ரிவாஸ்டிக்மைன் இவற்றில் ஏதாவது எடுப்பவருக்கு ஹூபர்சைன் கொடுக்கவே கூடாது. அது ஒரே மருந்தை இரண்டு மடங்காகக் கொடுப்பது. அடுத்தது அலகு. 200 மைக்ரோகிராம் என்பது 0.2 மில்லிகிராம். லேபிளில் அந்தப் புள்ளியைத் தவறாகப் படித்தால் பத்து மடங்கு, ஆயிரம் மடங்கு என்று எகிறும். "ஞாபக சக்தி" என்று பெயரிட்ட கலவைக் கேப்ஸ்யூல்களில் இது சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும் என்பதால் முழுப் பட்டியலையும் படியுங்கள்.

கின்கோ

கின்கோ மரத்தின் இலைச் சாரத்துக்கு நடந்த அளவு பெரிய சோதனை, மறதி நோய்க்கு வேறு எந்த மூலிகைக்கும் நடக்கவில்லை. அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேருக்கு, 120 மில்லிகிராம் இரண்டு வேளை, சராசரி ஆறு ஆண்டு. பிரான்சில் 2,854 பேர், ஐந்து ஆண்டு. 2008இலும் 2012இலும் வந்த முடிவு ஒன்றே: மறதி நோய் வராமல் கின்கோ தடுக்கவில்லை. நோய் வந்தவரிடம், அதுவும் எரிச்சல், பதற்றம், அக்கறையின்மை போன்ற நடத்தை மாற்றங்கள் உள்ளவரிடம், ஒரு நாளுக்கு 240 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்த சில சோதனைகளில் சிறு பலன் தெரிந்தது. ஆகவே தடுப்புக்காக வாங்க வேண்டாம். நோயாளிக்கென்றால், மருத்துவர் ஒப்புக்கொண்டால், முயன்று பார்க்கலாம்.

ஆனால் எந்தக் கின்கோ? சோதனைகளில் பயன்பட்டது ஈஜிபி 761 என்ற தரப்படுத்திய சாரம்: ஃபிளேவோன் கிளைக்கோசைடு 24 விழுக்காடு, டெர்ப்பீன் லாக்டோன் 6 விழுக்காடு, கின்கோலிக் அமிலம் பத்து லட்சத்தில் 5 பங்குக்குக் கீழ். இலைப்பொடியும் இலைத் தேநீரும் இது ஆகா. அவற்றில் ஒவ்வாமை தரும் கின்கோலிக் அமிலம் அப்படியே இருக்கும். விதையில் வலிப்பைத் தூண்டும் நஞ்சு உண்டு. மட்டமான சாரத்தில் ரூட்டின் என்ற மலிவான சேர்மத்தைக் கலந்து 24 விழுக்காட்டை எட்டவைக்கும் மோசடியும் நடக்கிறது. டெர்ப்பீன் லாக்டோன் அளவைத் தனியாகக் குறிப்பிடாத பாக்கெட்டை ஒதுக்கிவிடுவது நல்லது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல், தினசரி ஆஸ்பிரின் எடுப்பவருக்கும், வலிப்பு உள்ளவருக்கும் கின்கோ வேண்டாம். அமிலாய்டை (அல்சைமரில் மூளையில் படியும் புரதம்) கரைக்க ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் எதிர்பொருள் மருந்துகளான லெகனமாப் போன்றவற்றால் மூளையில் சிறு கசிவுகள் ஏற்படக்கூடும். அந்தச் சிகிச்சையில் இருப்பவர் கின்கோவையோ மஞ்சளில் உள்ள குர்குமினையோ மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

குர்குமின்: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மஞ்சள்பொடியில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடு. ஒரு தேக்கரண்டி 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம். நோயாளிகளிடம் 24 வாரம் நடந்த ஒரு சோதனையில் கொடுத்தது நாளுக்கு 2 கிராமும் 4 கிராமும். 2 கிராம் குர்குமினுக்கே 65 கிராமுக்கு மேல் மஞ்சள்பொடி வேண்டும். அவ்வளவு கொடுத்தும் பலன் இல்லை. ஹாங்காங்கில் ஆறு மாதம் நடந்த சோதனையிலும் இல்லை.

காரணம், குடல் அதை உறிஞ்சுவதில்லை. உறிஞ்சிய கொஞ்சத்தையும் ஈரல் உடனே மாற்றிவிடுகிறது. ஆய்வகத் தட்டில் அமிலாய்டைக் கரைக்கும் செறிவுக்கும் ரத்தத்தில் கிடைக்கும் செறிவுக்கும் பல மடங்கு இடைவெளி. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைபரின், அதாவது மிளகின் காரப்பொருள், சேர்த்தால் உறிஞ்சுவது 20 மடங்கு கூடும் என்று 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பைபரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறப்பதில்லை. வலிப்பு மருந்தான பெனிட்டாய்ன், இதய மருந்தான புரோப்ரனலால், ஆஸ்துமா மருந்தான தியோபிலின் ஆகியவற்றின் ரத்த அளவையும் அது உயர்த்தும். உறிஞ்சுதல் கூட்டிய குர்குமினால் ஈரல் வீங்கிக் காமாலை வந்தவர்களும் இருக்கிறார்கள். பித்தப்பைக் கல் உள்ளவருக்கு வலி கிளம்பும்.

சமையலில் மஞ்சள் போடுவதற்கு இதெல்லாம் தடையல்ல. நினைவுக்கு மருந்தாக அதை நம்ப வேண்டாம் என்பதுதான் சொல்வது. நோயற்ற 40 பேருக்கு, எளிதில் உறிஞ்சும் வகையில் 90 மில்லிகிராம் இரண்டு வேளை, 18 மாதம் கொடுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வில் நினைவுத் தேர்வு மதிப்பெண் கூடியது. இதைப் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்க்கும்வரை இது நம்பிக்கைக்குரிய குறிப்பு மட்டுமே.

மற்றவை

நீர்ப்பிரமி: நோயற்ற முதியவர்களிடம் 300 மில்லிகிராம் சாரம் 12 வாரம் கொடுத்ததில் சொற்களை நினைவுகூர்வது சற்று மேம்பட்டது. அல்சைமர் நோயாளிகளிடம் பெரிய, நம்பத்தகுந்த சோதனை இல்லை. உணவுக்குப் பின் கொடுங்கள். இல்லையென்றால் வயிற்றுப் பிடிப்பும் அடிக்கடி மலம் கழிப்பதும் வரும். வாங்கும்போது தாவரப் பெயரைப் பாருங்கள். நீர்ப்பிரமி என்பது பகோபா மொன்னியேரி. வல்லாரை என்பது சென்டெல்லா ஏசியாட்டிகா. இரண்டையும் "பிரமி" என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். இரண்டும் வேறு செடி, வேறு சேர்மம். ஒன்றின் ஆய்வு மற்றதற்குப் பொருந்தாது.

குங்குமப்பூ: 15 மில்லிகிராம் சாரம் இரண்டு வேளை, 16 வாரம், 46 நோயாளிகளிடம் பலன் தெரிந்தது. 54 பேரிடம் டொனெபெசிலோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள், ஏறக்குறைய சமம். சின்னச் சோதனைகள், ஆனாலும் இந்தப் பட்டியலில் எங்களுக்குக் கொஞ்சம் ஆர்வம் தருவது இதுதான். கொடுத்தது சாரம் என்பதால், இழைகளை எண்ணிப் பாலில் போடுவது அதே அளவாகாது.

ரெஸ்வெரட்ரால் (திராட்சைத் தோலில் உள்ள சேர்மம்): 119 பேரிடம் 52 வாரம், நாளுக்கு 2 கிராம் வரை. தண்டுவட நீரில் சில மாற்றங்கள் தெரிந்தன. மூளையின் பருமனோ போலி மாத்திரை எடுத்தவரைவிடக் கூடுதலாகக் குறைந்தது. அது நல்லதா கெட்டதா என்று தெளிவாகும்வரை தள்ளி நில்லுங்கள். பச்சைத் தேயிலைச் சாரத்தில் உள்ள ஈஜிசிஜி நாளுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் போனால் ஈரல் நொதிகள் ஏறுகின்றன. தேநீராகக் குடிப்பது வேறு, கேப்ஸ்யூல் வேறு.

வீட்டில் காய்ச்சக் கூடாதவை

நார்சிசஸ், பனித்துளிப் பூச்செடி இவற்றின் கிழங்கில் கேலன்டமைனோடு லைகோரின் என்ற கடும் வாந்தி தரும் பொருளும் இருக்கிறது. வெங்காயம் என்று நினைத்துச் சமைத்து நஞ்சானவர்கள் உண்டு. ஊமத்தை எந்த வடிவிலும் வேண்டாம். அதிலுள்ள ஸ்கோபோலமின் அசிட்டைல்கோலினைத் தடுத்து நினைவை அழிக்கும் பொருள்.

செய்திகளைப் படிக்கவும் இந்த ஸ்கோபோலமினைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். "இந்த மூலிகை எலிகளின் நினைவைத் திருப்பித் தந்தது" என்று வரும் ஆய்வுகள் பலவற்றில், நல்ல எலிக்கு ஸ்கோபோலமின் ஊசி போட்டுத் தற்காலிக மறதி வரவைத்து, பிறகு மூலிகையைக் கொடுக்கிறார்கள். கோலினெஸ்டரேஸைத் தடுக்கும் எந்தப் பொருளும் அந்தத் தேர்வில் தேறிவிடும். நரம்பணுக்கள் செத்துக்கொண்டிருக்கும் மனித மூளையைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. ஒரு செய்தியில் மூன்றைத் தேடுங்கள்: மனிதரா, நோய் உறுதியானவரா, போலி மாத்திரையோடு ஒப்பிட்டார்களா. மூன்றும் இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டுங்கள்.

வீட்டில் ஒழுங்காகச் சோதிப்பது

மருத்துவர் சரி என்று சொன்ன ஒரே ஒரு சேர்மம். முதல் இரண்டு வாரம் எதுவும் கொடுக்காமல் குறிப்பு மட்டும் எடுங்கள், ஏனென்றால் இந்த நோயில் நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும். நல்ல நாளில் தொடங்கினால் மருந்து கெடுத்தது போலவும், கெட்ட நாளில் தொடங்கினால் மருந்து காப்பாற்றியது போலவும் தோன்றும்.

குறிப்பில் நினைவுத் தேர்வு வேண்டாம். ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும். அவருக்கும் அது அவமானமாக இருக்கும். அதற்குப் பதிலாக அன்றாட வேலை ஐந்தைத் தேர்ந்தெடுத்து 0 முதல் 3 வரை, நன்றாக இருக்க இருக்கக் கூடுதலாக, எண் போடுங்கள்: தானாக உடுத்துவது, காலையில் சாப்பிட்டதை மதியம் சொல்வது, பேச்சைத் தொடர்ந்து பிடித்துக்கொள்வது, வீட்டுக்குள் வழி தெரிவது, மாலை ஒரு மணி நேரத்தில் ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்கிறார் என்பது. வாரம் இருமுறை, ஒரே நேரத்தில், ஒரே ஆள். மருந்து தொடங்கியது தெரியாத உறவினர் ஒருவர் மாதம் ஒருமுறை எண் போட்டால் இன்னும் நல்லது. பணம் கொடுத்து வாங்கியவரின் கண் எப்போதும் முன்னேற்றத்தையே தேடும்.

கூடவே வாரம் ஒருமுறை எடை. காலை மருந்துக்கு முன் ஒரு முழு நிமிடம் நாடித்துடிப்பு. முதல் மாதமும், அளவு ஏறும் ஒவ்வொரு முறையும் நாடியைத் தினமும் பாருங்கள். 12 முதல் 16 வாரத்தில் முடிவெடுக்க வேண்டும். அந்தத் தேதியை முதல் நாளே எழுதிவையுங்கள். இடையில் வேறு மாத்திரையோ கண்ணாடியோ காது கேட்கும் கருவியோ மாறினால் அதையும் குறியுங்கள். நல்ல காதுக் கருவி ஒன்றே பேச்சைத் தொடர வைத்துவிடும்; பெயர் மூலிகைக்குப் போய்விடும்.

உடனே நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டியவை: நாடி 50க்குக் கீழ், மயங்கி விழுதல், கறுப்பு மலம், கண் மஞ்சளாதல், வலிப்பு, புதிதாக மூச்சிரைப்பு. ஆஸ்துமா, வயிற்றுப் புண், இதயத்துக்குள் மின்துடிப்பு கடப்பதில் தடை உள்ளவருக்கும், இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பான் எடுப்பவருக்கும் கோலினெஸ்டரேஸ் தடுப்பான்கள் கூடுதல் ஆபத்து. ஒரு மாதத்தில் எடை கண்கூடாக இறங்கினால் அதுவும் நிறுத்தக் காரணமே. மெலிந்த முதியவரிடம் 3 புள்ளி முன்னேற்றத்தைவிட 3 கிலோ பெரிது.

நிறுத்துவது

ஆபத்து இல்லாமல், பலன் இல்லை என்பதற்காக நிறுத்துவதென்றால், கின்கோ, நீர்ப்பிரமி, குங்குமப்பூ, குர்குமின் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடலாம். அறுவை சிகிச்சை இருந்தால் கின்கோவை இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள். கேலன்டமைன், ரிவாஸ்டிக்மைன் எடுப்பவர் என்றால் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அறுவையில் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் வழக்கத்தைவிட நீண்ட நேரம் நிற்கும்.

மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லாதபோது, கேலன்டமைன், ரிவாஸ்டிக்மைன் இரண்டையும் திடீரென்று நிறுத்த வேண்டாம். மருத்துவரோடு பேசி, 4 வாரத்துக்கு ஒருமுறை அளவைப் பாதியாக்கி, மிகக் குறைந்த அளவிலிருந்து நிறுத்துங்கள். அதே ஐந்து வேலைகளின் எண்களை இறங்கும்போதும் எடுங்கள். இறங்கிய சில வாரத்தில் எண்கள் தெளிவாகச் சரிந்தால், மருந்து இத்தனை நாளும் தாங்கிப் பிடித்திருந்தது என்று பொருள். மருத்துவரிடம் குறிப்பேட்டைக் காட்டி முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். இடைவெளி மூன்று நாளைத் தாண்டியிருந்தால் மறுபடி முதல் படியிலிருந்து ஏறுங்கள்.